நாடியைச் சீராக்கும் மாத்திரைகள்

1912ஆம் ஆண்டில் கார்ல் ஃபிரெடரிக் வெங்கெபாக் என்ற டச்சு இதய மருத்துவரைத் தேடி அவர் நாட்டு வணிகர் ஒருவர் வந்தார். நாடி தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. பரிசோதித்த வெங்கெபாக், இதைச் சரிசெய்வதாகத் தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார். வணிகருக்குக் கோபம். கணக்குவழக்கில் ஒழுங்கு பார்த்துப் பழகிய ஆள், இதயத்திலும் அதே ஒழுங்கை எதிர்பார்த்தார். இந்தத் தொல்லையைக்கூட ஒழிக்க முடியாதென்றால் இதய நிபுணர்கள் எதற்காக இருக்கிறார்கள் என்று கேட்டார். தன் நாடியை எப்படிச் சீராக்குவது என்று தனக்கே தெரியும் என்றும், மறுநாள் காலை சீரான நாடியோடு வந்து காட்டுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே வந்து நின்றார்.

அவர் விழுங்கியது ஒரு கிராம் கொய்னா. மலேரியா மிகுந்த நாடுகளில் அந்தக் காலத்தில் எந்த உபாதைக்கும் கொய்னா போட்டுக்கொள்வது வழக்கம். ஒருமுறை நாடி தடுமாறிக்கொண்டிருந்தபோது தற்செயலாக அதைப் போட்டுக்கொண்டவர், 20, 25 நிமிடத்தில் தடுமாற்றம் நின்றுபோனதைக் கவனித்திருக்கிறார். பிறகு அதுவே அவருடைய கைமருந்தாகிவிட்டது. வெங்கெபாக்கை இதற்காகப் பாராட்ட வேண்டும். நோயாளி சொன்னதை நையாண்டி செய்யாமல், மற்ற நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு மட்டும் பலித்தது. 1914இல் இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை பற்றி எழுதிய நூலில் இந்த வணிகரையும் சேர்த்துக்கொண்டார்.

அதைப் படித்தவர்களில் ஒருவர் ஜெர்மனியில் பணியாற்றிய மருத்துவர் வால்டர் ஃப்ரை. சிங்கோனா மரப்பட்டையில் கொய்னாவோடு வேறு சில காரப்பொருள்களும் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து, குவினிடின்தான் எல்லாவற்றையும்விட வலுவாக வேலை செய்கிறது என்று 1918இல் ஃப்ரை அறிவித்தார். கொய்னாவிலும் குவினிடினிலும் இருப்பவை அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. அவை முப்பரிமாண வெளியில் அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. மலேரியாவுக்காக 1860களில் நீலகிரியில் ஆங்கிலேய அரசு நட்டு வளர்த்த மரமும் இந்தச் சிங்கோனாதான். நடுவட்டத்தில் அதற்கென ஒரு கொய்னா தொழிற்சாலையே நடந்தது. காய்ச்சலுக்காக உரித்த பட்டையில் இதயத்துக்கான மருந்தும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

அந்த வணிகருக்கு இருந்த கோளாறின் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மருத்துவமனைகளில் சுருக்கமாக ஏ.எஃப். என்பார்கள், இங்கே மேலறை நடுக்கம் என்று சொல்லிக்கொள்வோம். இயல்பான இதயத்தில் வலது மேலறையின் உச்சியில் உள்ள சைனஸ் கணு, நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்பொறி எழுப்பும். அந்த அலை இரண்டு மேலறைகளிலும் பரவி, நடுவில் உள்ள ஏ.வி. கணுவைக் கடந்து, கீழறைகளுக்கு இறங்கும். மேலறை நடுக்கத்தில் சைனஸ் கணுவின் ஆட்சி போய்விடுகிறது. மேலறைத் தசையில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை சிற்றலைகள் தறிகெட்டு ஓடுகின்றன. மேலறை சுருங்குவதில்லை, நெளிகிறது. நல்லவேளையாக ஏ.வி. கணு அத்தனையையும் கீழே விடாது. அகப்பட்டதை அகப்பட்ட நேரத்தில் விடும். அதனால்தான் நாடி வேகமாகவும், எந்தக் கணக்குக்கும் அடங்காமலும் ஓடுகிறது. எய்ந்தோவன் தான் கண்டுபிடித்த இசிஜி கருவியில் 1906இலேயே இதைப் பதிவு செய்துவிட்டார். அந்தக் கிறுக்கலுக்குக் காரணம் மேலறையின் நடுக்கமே என்று 1909இல் லண்டனில் தாமஸ் லூயிஸும், வியன்னாவில் ரோத்பெர்கரும் விண்டர்பெர்கும் நிறுவினார்கள்.

நெளியும் மேலறையில் ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம், குறிப்பாக இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பையில், உறையும். உறைந்த கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆகவே மருத்துவர் முன்னால் மூன்று வேலைகள் இருக்கின்றன. ரத்தம் உறையாமல் காப்பது, கீழறையின் வேகத்தைக் குறைப்பது, முடிந்தால் பழைய லயத்தை மீட்பது. இந்த அத்தியாயம் மூன்றாவது வேலையைப் பற்றியது. ஆனால் உயிரைக் காப்பதில் இன்றுவரை முதல் வேலைக்கே முதலிடம். தகுந்த நோயாளிகளில் வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து பக்கவாதங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கிறது. நாடி நேராகிவிட்டது, இனி ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எதற்கு என்று யாராவது சொன்னால், அவரிடம் இரண்டு கேள்வியாவது கூடுதலாகக் கேளுங்கள்.

லயத்தை மீட்கும் மருந்து எப்படி வேலை செய்கிறது? இதற்கான விடையின் முதல் பாதி, கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் மைன்ஸ் என்ற இளைஞர் 1913இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. இதயத் தசையை வளையமாக நறுக்கி, அதில் ஒரு மின் அலையைக் கிளப்பிவிட்டால், சரியான சூழலில் அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று அவர் காட்டினார். (மறுஆண்டே கனடாவின் மாண்ட்ரியலில் தன் ஆய்வகத்தில் கருவிகளோடு பிணைக்கப்பட்ட நிலையில் நினைவிழந்து கிடந்தார், பிழைக்கவில்லை. தன் இதயத்தையே சோதித்துக்கொண்டிருந்தார் என்று சொல்கிறார்கள். வயது 28.)

கோயில் பிரகாரத்தைச் சுற்றும் ஓர் ஊர்வலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர்வலத்தின் தலை, முன்னேறும் மின் அலை. வால், அலை கடந்துபோன பிறகும் இளைப்பாறிக்கொண்டிருக்கும் தசை. அந்த இளைப்பாறும் நேரத்தில் தசை எந்தப் புதுத் தூண்டலையும் ஏற்காது. ஊர்வலம் நீளமாக இருந்தால் தலை ஒரு சுற்றை முடிக்கும்போது வாலில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஊர்வலம் குட்டையாகவோ பிரகாரம் பெரிதாகவோ இருந்தால் தலைக்கு முன்னால் எப்போதும் இடம் இருக்கும், சுற்றிக்கொண்டே இருக்கலாம். அலையின் வேகத்தை இளைப்பாறும் நேரத்தால் பெருக்கினால் வருவது ஊர்வலத்தின் நீளம். வீங்கிப் பெருத்த மேலறையில் நடுக்கம் ஏன் எளிதில் அடங்குவதில்லை என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

ஒவ்வொரு இதயச் செல்லின் உறையிலும் அயனிகள் புகுந்து வெளியேறும் நுண்வாயில்கள் உள்ளன. சோடியம் உள்ளே பாய்வதால் அலை கிளம்புகிறது. பொட்டாசியம் வெளியேறுவதால் செல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பொட்டாசியம் வாயிலை அடைத்தால் திரும்புவதற்கு நேரமாகும், ஊர்வலம் நீளும், நடுக்கம் நிற்கும். சொட்டலால், டோஃபெடிலைடு ஆகியவை இந்த வழி. சோடியம் வாயிலை அடைத்தால் அலையின் வலு குறைந்து, வளைவுகளில் திரும்ப முடியாமல் அணைந்துவிடும். ஃப்ளெக்கனைடு, ப்ரொபஃபெனோன் ஆகியவை இந்த வழி. குவினிடின் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறது. ஆனால் சோடியம் வாயிலை அடைப்பதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அலையின் வேகமும் குறைகிறதே? வேகம் குறைந்தால் ஊர்வலம் குட்டையாகும் அல்லவா? ஆகும். நடுக்கத்தை நிறுத்தும் மருந்துக்குள்ளேயே நடுக்கத்தை உண்டாக்கும் குணமும் சேர்ந்தே இருக்கிறது. அடுத்த எழுபது ஆண்டு வரலாறு இந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

ஃப்ரைக்குப் பிறகு குவினிடின் உலகெங்கும் பரவியது. நோயாளியை மருத்துவமனையில் படுக்கவைத்து, சில மணிக்கொரு தரம் மாத்திரை கொடுத்து, லயம் திரும்பும்வரை அல்லது காது இரைந்து வயிற்றுப்போக்கு வரும்வரை அளவை ஏற்றிக்கொண்டே போவது முறை. சிலர் இடையில் திடீரென்று மயங்கி விழுந்தார்கள். சிலர் எழவில்லை. கட்டி சிதறி மூளைக்குப் போயிருக்கும் என்று பலகாலம் நினைத்தார்கள். 1964இல் செல்சரும் ரேயும் அந்த மயக்க நேரத்து இசிஜியைப் பதிவு செய்து காட்டினார்கள். நடுக்கம் மேலறையை விட்டுவிட்டுக் கீழறைக்கு இறங்கியிருந்தது. மேலறை நடுங்கினால் ஆள் நடமாடலாம். கீழறை நடுங்கினால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். இரண்டு ஆண்டு கழித்து டெசெர்டேன் என்ற பிரெஞ்சு மருத்துவர், முறுக்கிய கயிறாக இசிஜியில் ஓடும் ஒரு கீழறைத் துடிப்புக்கு ‘டோர்சாட் த புவாந்த்’ என்று பெயர் வைத்தார். பொட்டாசியம் வாயிலை அடைக்கும் எந்த மருந்துக்கும் இந்த ஆபத்து உண்டு. இதயம் மெதுவாகத் துடிக்கும்போதுதான் அது அதிகம் என்பது இன்னொரு விபரீதம். நடுக்கம் அடங்கி நாடி நிதானமானதும், அதுவரை அடங்கியிருந்த ஆபத்து தலைதூக்கும். டோஃபெடிலைடைத் தொடங்கும் நோயாளியை அமெரிக்காவில் மூன்று நாளாவது மருத்துவமனையில் இசிஜி கண்காணிப்பில் வைப்பது இதனால்தான்.

1962இல் பெர்னார்டு லவுன் நேர்மின்னோட்ட அதிர்ச்சியால் லயத்தை ஒரு நொடியில் மீட்கும் முறையைக் கொண்டுவந்தார். குவினிடினின் வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் மீட்ட லயம் நிலைப்பதில்லை. அதிர்ச்சி கொடுத்து அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் பழையபடி நடுங்கத் தொடங்கினார்கள். லயத்தைப் பிடித்துவைக்க அதே குவினிடினைத் தினமும் கொடுத்தார்கள். அதனால் என்ன கிடைத்தது என்று யாரும் தொகுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1990இல் ஆறு ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது 808 நோயாளிகளின் கணக்கு கிடைத்தது. ஓராண்டு முடிவில் குவினிடின் சாப்பிட்டவர்களில் 50 சதவீதம் பேர் சீரான லயத்தில் இருந்தார்கள். சாப்பிடாதவர்களில் 25 சதவீதம். மருந்து இரு மடங்கு வேலை செய்திருக்கிறது! ஆனால் இறந்தவர்கள் 2.9 சதவீதம், சாப்பிடாதவர்களில் 0.8.

இசிஜி தாளை மட்டும் பார்த்தால் இந்த மருந்துக்குப் பரிசு கொடுக்கலாம். வீட்டில் காத்திருந்த குடும்பத்தாரைக் கேட்டால் வேறு பதில் வரும்.

இதைவிடப் பெரிய இடி அதற்கு முந்தைய ஆண்டே விழுந்துவிட்டது. அது மேலறை நடுக்கத்தைப் பற்றிய ஆய்வே அல்ல. ஆனாலும் அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. மாரடைப்பிலிருந்து தப்பியவர்களுக்குக் கீழறையில் அவ்வப்போது உதிரித் துடிப்புகள் வரும். அவை அதிகம் உள்ளவர்கள் திடீரென்று இறப்பது அதிகம் என்பது தெரிந்த விஷயம். உதிரித் துடிப்பை அடக்கினால் இறப்பு குறையும் என்பது எல்லாருடைய நம்பிக்கை. ஃப்ளெக்கனைடும் என்கனைடும் அதை அழகாக அடக்கின. அமெரிக்க அரசின் நிதியில் ‘காஸ்ட்’ என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. அதில் ஒரு நுணுக்கம் கவனிக்கத் தக்கது. மருந்து கொடுத்து உதிரித் துடிப்பு அடங்கியவர்களை மட்டுமே ஆய்வில் சேர்த்தார்கள். அதாவது, மருந்து வேலை செய்கிறது என்று நிரூபணமானவர்கள் மட்டும். பிறகு சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள்.

சராசரியாகப் பத்து மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, இந்த இரு மருந்துகளைச் சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். 1989 ஏப்ரலில் அந்த மருந்துகளை நிறுத்தினார்கள்.

காரணம் ஊர்வலக் கணக்கில்தான் இருக்கிறது. மாரடைப்பு விட்டுச்சென்ற தழும்பைச் சுற்றி அலை செல்ல ஒரு பிரகாரம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. சாதாரண வேகத்தில் ஊர்வலம் தன் வாலில் முட்டி நின்றுவிடும். சோடியம் வாயிலை அடைத்து வேகத்தைக் குறைத்தால் ஊர்வலம் குட்டையாகி, நிற்காமல் சுற்ற ஆரம்பிக்கும். உதிரித் துடிப்புகள் அடங்கின, உண்மைதான். மிச்சம் வந்த ஒன்றிரண்டே போதுமானதாக இருந்தது.

‘காஸ்ட்’ மருத்துவ உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தது இதயத்தைப் பற்றி மட்டுமல்ல. அளக்க எளிதான ஒன்றைச் சரிசெய்துவிட்டு, நோயாளியைச் சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் எல்லாத் துறைகளிலும் உண்டு. இங்கே அதற்கான பற்றுச்சீட்டு அச்சாகி வந்தது.

சோடியம் மருந்துகளின் பெயர் கெட்டதும் எல்லாருடைய கண்ணும் அமியோடரோன் பக்கம் திரும்பியது. இந்த மருந்தின் பூர்விகம் எகிப்து. அங்கே நைல் கரையில் சிறுநீரகக் கல்லுக்கு நாட்டு மருந்தாகப் பயன்படும் ஒரு செடியின் விதையில் கெல்லின் என்ற பொருள் இருக்கிறது. கெய்ரோவில் இருந்த ரஷ்ய உடலியலாளர் க்ளெப் ஆன்ரெப், வேறொரு உபாதைக்காகக் கெல்லின் சாப்பிட்ட தன் ஆய்வக உதவியாளருக்கு நெஞ்சுவலியும் குறைந்திருப்பதை 1946இல் கவனித்தார். அதிலிருந்து நெஞ்சுவலி மருந்து செய்யலாம் என்று பெல்ஜியத்தின் லபாஸ் நிறுவனம் முயன்றது. அங்கே டோந்தரும் பினோனும் 1961இல் உருவாக்கிய மூலக்கூறுதான் அமியோடரோன். 1960களில் ஐரோப்பாவில் அது நெஞ்சுவலி மாத்திரையாகவே விற்றது.

அதன் இன்னொரு முகத்தைக் கண்டவர் பிரம்மா சிங். ஃபிஜியில் பிறந்த இந்திய வம்சாவளியினர். நியூசிலாந்தில் மருத்துவம் படித்து, ஆக்ஸ்போர்டில் மைல்ஸ் வான் வில்லியம்ஸிடம் ஆய்வு செய்தவர். அமியோடரோன் இதயத் தசையின் இளைப்பாறும் நேரத்தை நீட்டுகிறது என்று இருவரும் 1970இல் காட்டினார்கள். துடிப்பைச் சீராக்கும் மருந்துகளை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கும் முறையும் அவர்களிடமிருந்தே வந்தது. மருத்துவ மாணவர்கள் இன்றும் அதை மனப்பாடம் செய்கிறார்கள். அமியோடரோன் மட்டும் எந்த வகுப்பிலும் அடங்குவதில்லை. சோடியம், பொட்டாசியம், கால்சியம், அட்ரினலின் என்று எல்லா இடத்திலும் கொஞ்சம் கைவைக்கிறது. அர்ஜென்டினாவின் மவுரிசியோ ரோசன்பாம் 1970களில் இதைத் துடிப்புக் கோளாறுகளுக்குக் கொடுத்து வியந்து எழுதிய பிறகு புகழ் பரவியது. வழக்கமான சமவாய்ப்பு ஆய்வுகள் இல்லாமலேயே 1985இல் அமெரிக்கா இதை அனுமதித்தது. அதுவும் உயிருக்கு ஆபத்தான கீழறைக் கோளாறுகளுக்கு மட்டும். மேலறை நடுக்கத்துக்கு அங்கே முறையான அனுமதி இல்லாமலே மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கிறார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. கனடாவில் 403 நோயாளிகளை வைத்து டெனிஸ் ராய் குழுவினர் நடத்திய ஆய்வின் முடிவு 2000இல் வந்தது. சராசரியாக 16 மாதங்களில், அமியோடரோன் சாப்பிட்டவர்களில் 35 சதவீதம் பேருக்கே நடுக்கம் திரும்பியது. சொட்டலால் அல்லது ப்ரொபஃபெனோன் சாப்பிட்டவர்களில் 63 சதவீதம். இதயம் பலவீனமானவர்களுக்கும், மாரடைப்புத் தழும்பு உள்ளவர்களுக்கும்கூட இதைத் துணிந்து கொடுக்கலாம். கீழறையில் விபரீதத் துடிப்பை இது அரிதாகவே உண்டாக்குகிறது.

அப்படியானால் எல்லாருக்கும் இதையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அமியோடரோனின் எடையில் 37 சதவீதம் அயோடின். ஒரு 200 மில்லிகிராம் மாத்திரையிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 6 மில்லிகிராம் அயோடின் ரத்தத்தில் விடுபடுகிறது. நமக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம்; இது அதைப் போல 40 மடங்கு. தைராய்டு சுரப்பி சிலருக்குச் சோம்பிவிடும், சிலருக்கு வெறிகொண்டுவிடும். தைராய்டு மிகையாகச் சுரந்தால் அதுவே மேலறை நடுக்கத்தைக் கிளப்பும் என்பதால், நடுக்கத்துக்குக் கொடுத்த மருந்தே நடுக்கத்துக்குக் காரணமாகும் கூத்தும் நடக்கிறது. நுரையீரல் தழும்பேறலாம், கல்லீரல் கெடலாம், வெயில் படும் இடத்தில் தோல் நீலச் சாம்பல் நிறமாகலாம். கருவிழியில் ஏறக்குறைய எல்லாருக்கும் நுண்படிவு வரும். பார்வையை அது பெரும்பாலும் பாதிப்பதில்லை. கொழுப்பில் கரைந்து உடம்பெங்கும் தங்கிக்கொள்வதால், நிறுத்திய பிறகும் பாதி மருந்து வெளியேறவே சராசரியாக இரண்டு மாதமாகிறது. தவறு நடந்தால் உடனே திரும்ப வழியில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கல்லீரல் சோதனைகள் கட்டாயம். வார்ஃபரினோடு சேர்ந்தால் அதன் வீரியத்தை ஏற்றிவிடும், ரத்தக்கசிவு வரலாம். நம் ஊரில் பழைய மாத்திரைச் சீட்டை மருந்துக்கடையில் நீட்டி ஆண்டுக்கணக்கில் அதையே வாங்கிச் சாப்பிடும் பழக்கம் இருக்கிறதே, அதற்கு அமியோடரோனைவிடப் பொருந்தாத மருந்து வேறு இல்லை.

அயோடினை எடுத்துவிட்டால்? அந்த யோசனையில் பிறந்தது ட்ரோனெடரோன். 2009இல் வெளியான ‘அத்தீனா’ ஆய்வில் 4,628 பேர். இதயநோயால் மருத்துவமனையில் சேர்வதும் இறப்பும் சேர்ந்து 24 சதவீதம் குறைந்தன. நல்ல செய்தி. ஆனால் இதயம் மிகவும் பலவீனமானவர்களுக்குக் கொடுத்த முந்தைய ஆய்வை, மருந்துக் குழுவில் 25 பேரும் வெற்று மாத்திரைக் குழுவில் 12 பேரும் இறந்ததால் இடையிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. நிரந்தர நடுக்கம் உள்ளவர்களுக்குக் கொடுத்த ‘பல்லாஸ்’ ஆய்வும் 2011இல் அதே காரணத்தால் நின்றது. லயத்தைப் பிடித்துவைக்கும் திறனிலும் அமியோடரோனுக்கு இது ஈடில்லை. பிள்ளை தகப்பனைவிடச் சாது, தகப்பனின் சாமர்த்தியமும் இல்லை.

இத்தனை பாடுபட்டு லயத்தைத் துரத்துவது தேவைதானா என்ற கேள்வியை நேருக்கு நேர் கேட்டது ‘அஃபர்ம்’ ஆய்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 4,060 பேர். பாதிப் பேருக்கு மருந்துகளால் லயத்தை மீட்க முயற்சி. பாதிப் பேருக்கு நடுக்கத்தை அதன்போக்கில் விட்டுவிட்டு, பீட்டா பிளாக்கர், டிஜாக்சின் போன்றவற்றால் வேகத்தை மட்டும் குறைப்பது. லயக் குழுவில் 356 பேரும் வேகக் குழுவில் 310 பேரும் இறந்தார்கள் என்று 2002இல் முடிவு வந்தது. புள்ளியியல் கணக்கில் இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் லயத்துக்குச் சாதகமாக எதுவும் இல்லை என்பது நிச்சயம். பக்கவாதத்திலும் லாபமில்லை. பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள் அல்லது போதிய அளவில் சாப்பிடாதவர்கள். நாடி நேராகிவிட்டதே என்று நிறுத்தியவர்கள் லயக் குழுவில் அதிகம்.

பல மருத்துவர்கள் இதோடு லயத்தைக் கைகழுவினார்கள். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம். ஏனென்றால் அதே ஆய்வாளர்கள் 2004இல் தரவுகளை இன்னொரு கோணத்தில் அலசினார்கள். எந்தக் குழு என்று பார்க்காமல், யார் உண்மையில் சீரான லயத்தில் இருந்தார், யார் லய மருந்து சாப்பிட்டார் என்று தனித்தனியாகப் பிரித்தார்கள். சீரான லயத்தில் இருந்தவர்களின் இறப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாக இருந்தது. லய மருந்து சாப்பிட்டவர்களுக்கு அபாயம் சுமார் ஒன்றரை மடங்கு. லயம் கொடுத்த நன்மையை மருந்து தின்றுவிட்டது என்று இதற்குப் பொருள் சொல்லலாம். லயத்தில் இருப்பவர்கள் முதலிலேயே ஆரோக்கியமானவர்கள் என்றும் சொல்லலாம். இரண்டில் எது என்பதை அந்தத் தரவு தீர்க்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘அஃபர்ம்’ நோயாளிகளின் சராசரி வயது 70. இந்தியப் பதிவேடுகளில் வரும் மேலறை நடுக்க நோயாளிகள் ஐம்பதுகளின் நடுவில் இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியிருக்கிறது. சுருங்கிய வால்வு வழியாக ரத்தத்தைத் தள்ளுவதற்கு மேலறையின் சுருக்கம் அவசியம். அது நின்றால் மூச்சு முட்டும். அமெரிக்க முதியவருக்கு வந்த முடிவை நாற்பது வயதுப் பெண்ணுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கிடையில் இத்தாலியில் ஒரு குழு அந்த டச்சு வணிகரின் வழக்கத்தைக் கௌரவமான சிகிச்சையாக்கியது. எப்போதாவது நடுக்கம் வரும், மற்றபடி இதயத்தில் குறையில்லாத நோயாளிகள். தினமும் மருந்து எதற்கு? ஃப்ளெக்கனைடு அல்லது ப்ரொபஃபெனோனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நடுக்கம் வந்ததும் ஒரே வேளையாகப் போட்டுக்கொள்வது. அல்போனி குழுவினர் 2004இல் வெளியிட்ட கணக்குப்படி, இப்படிச் சமாளித்த நடுக்கங்களில் 94 சதவீதம் அடங்கின. சராசரியாக 113 நிமிடத்தில். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவது பெருமளவு குறைந்தது. முதல் வேளையை மட்டும் மருத்துவமனையில் கண்காணிப்பில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்கும் ஊர்வலமே காரணம். ஃப்ளெக்கனைடு சிலருக்கு நடுக்கத்தை முழுதாக அடக்காமல், ஒரே பெரிய சுற்றாக மாற்றிவிடும். மருந்து இல்லாவிட்டால் அந்தச் சுற்று நிமிடத்துக்கு 300 முறை ஓடும், ஏ.வி. கணு திணறி, இரண்டுக்கு ஒன்றாக 150ஐ மட்டும் கீழே விடும். மருந்தின் பிடியில் சுற்று 200 ஆகக் குறைகிறது. குறைந்தது நல்லதுதானே? அதுதான் இல்லை. 300ஐத் தாங்காத கணு, 200ஐத் தாங்கி ஒன்றுவிடாமல் கீழே அனுப்பிவிடும். கீழறை நிமிடத்துக்கு 200 முறை அடிக்கும்; ஆள் மயங்குவார். அதனால்தான் முன்கூட்டியே ஒரு பீட்டா பிளாக்கர் அல்லது வெரபமில் கொடுத்துக் கணுவைக் கட்டிவைக்கிறார்கள். மேலறையை மெதுவாக்குவதாலேயே கீழறை வேகமாகும் இந்த இடத்தைத் தாண்டாமல் எந்த இளம் மருத்துவரும் இதய வார்டில் தேறுவதில்லை.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் மவுரிட்ஸ் அலெஸ்ஸி குழுவினர் 1995இல் ஆடுகளை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மேலறையில் மின்கம்பி பொருத்தி, நடுக்கம் நிற்கும்போதெல்லாம் கருவி மறுபடி கிளப்பிவிடும். முதலில் சில விநாடிகளில் தானாக நின்ற நடுக்கம், நாள் செல்லச் செல்ல நிமிடங்களாகி, பிறகு ஒரு நாளுக்கு மேலும் நிற்காமல் ஓடியது. நடுக்கம் தானே தசையின் இளைப்பாறும் நேரத்தைச் சுருக்கிக்கொள்கிறது. நடுக்கம் நடுக்கத்தை ஈனுகிறது. இது மனிதருக்கும் பொருந்துமானால், லயத்தை மீட்க வேண்டியது பல ஆண்டு கழித்தல்ல, நோய் தெரிந்தவுடனே. ‘அஃபர்ம்’ தாமதமாக வந்தவர்களைப் பார்த்து முடிவு சொல்லியிருக்கலாம்.

ஹாம்பர்க்கைச் சேர்ந்த பவுலஸ் கிர்ஹாஃப் தலைமையில் 11 ஐரோப்பிய நாடுகளில் நடந்த ‘ஈஸ்ட்’ ஆய்வு இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. நோய் தெரிந்து ஓராண்டுக்குள் இருந்த 2,789 பேர். இரு தரப்பிலும் ரத்த உறைவுத் தடுப்பு மருந்து தொடர்ந்தது. ஒரு தரப்பில் உடனே லயத்தை மீட்டார்கள். மறு தரப்பில் வேகத்தைக் குறைத்து, தொல்லை தாங்காதவர்களுக்கு மட்டும் லய சிகிச்சை. ஐந்து ஆண்டுகளில் முடிவு தெளிவானதால் முன்கூட்டியே நிறுத்தி 2020இல் வெளியிட்டார்கள். இதயநோய் இறப்பு, பக்கவாதம், மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவை சேர்ந்து, ஆண்டுக்கு நூறு பேரில் 5.0 ஆக இருந்தது 3.9 ஆகக் குறைந்தது. எந்தத் தொல்லையும் உணராதவர்களுக்கும் பலன் அதே அளவில் கிடைத்தது என்பதைப் பின்னர் வந்த அலசல் காட்டியது. இலவசமாக அல்ல: லய சிகிச்சையால் வந்த கடும் பக்கவிளைவுகள் ஒரு தரப்பில் 4.9 சதவீதம், மறு தரப்பில் 1.4.

இதை நோயாளிக்குச் சொல்லும்போது இரண்டு எண்களையும் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்வது விற்பனை.

உடனடி லய சிகிச்சை என்றால் எல்லாருக்கும் ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு, நடுக்கத்தைக் கிளப்பும் தசையைச் சுடுவது என்று நினைக்க வேண்டாம். இரண்டு ஆண்டு முடிவில் ஐந்தில் ஒருவருக்கே அது நடந்திருந்தது. மற்றவர்களைக் காத்தவை மாத்திரைகளே. அவர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டிலிருந்தே சிறு கருவியால் இசிஜி எடுத்து அனுப்பினார்கள். நடுக்கம் திரும்பினால் சிகிச்சை மாறியது. அந்தத் தரப்பில் தொடக்கத்தில் அதிகம் எழுதிக்கொடுத்த மருந்து எது என்ற பட்டியலும் ஆய்வில் இருக்கிறது. அமியோடரோன் இரண்டாம் இடம், ஐந்தில் ஒருவருக்கு. முதல் இடம் ஃப்ளெக்கனைடு, மூன்றில் ஒருவருக்கு மேல். 1989 ஏப்ரலில் அமெரிக்காவில் அவசரமாக நிறுத்தச் சொன்ன அதே மாத்திரை, அதே மூலக்கூறு. பெரும்பாலும் தழும்பில்லாத வேறு இதயங்களில்.